பிரிந்தால் காவியம்! சேர்ந்தால் கொலையா?

காதல் என்பதற்கு நமது சினிமா ரசிகர்கள் ஒரு விசித்திரமான இலக்கணம் வைத்திருக்கிறார்கள். அதாவது, முன்பின் அறியாத ஓர் ஆணும் பெண்ணும் வழியில் சந்திக்க வேண்டுமாம். ஒரு நாளோ இரண்டு நாளோ கூட இருக்க வேண்டுமாம். பிறகு ஆளுக்கொரு திக்காய்ப் பிரிந்து போய்விட வேண்டுமாம். அப்படிப் பிரிந்தால் அது "காவியம்" ஆகிவிடுமாம். பிரியாமல் சேர்ந்து குடித்தனம் நடத்தினால் அதில் அழகில்லையாம்! இந்தப் பேச்சு வெகு நாளாய்ப் படித்தவர்கள் கூட்டத்தில் மாத்திரம் இருந்துவந்தது. இப்போது அருள்புரத்துப் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் வாலிபர்களும் கைபேசியில் படம் பார்த்துவிட்டு இதே பல்லவியைப் பாடக் காண்கிறோம். ஆதலால் இதைப் பற்றி நாலு வார்த்தை எழுத வேண்டியது அவசியமாகிறது.

அப்படிப் பெருமூச்சு விட்டுப் பேசப்படும் படங்களில் ஒன்று, 2002இல் வெளிவந்த "மிஸ்டர் அண்ட் மிஸஸ் ஐயர்" என்பது. அபர்ணா சென் என்னும் வங்காளத்து அம்மையார் கதை எழுதி எடுத்தது. அவருடைய மகளான கொங்கனா சென் சர்மாவும், ராகுல் போசும் நடித்தது. பேச்சு பெரும்பாலும் இங்கிலீஷ். இப்படத்தைக் கண்டிப்பதற்காக நாம் இதை எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எடுத்த அம்மையாருக்குக் கண் இருக்கிறது. பார்த்துவிட்டு உருகுகிறவர்களுக்குத்தான் அது இல்லை என்பது நமது அபிப்பிராயம்.

கதை இதுதான். மீனாட்சி ஐயர் என்ற தமிழ்ப் பார்ப்பனப் பெண், கைக்குழந்தையோடு மலையிலிருக்கும் பெற்றோர் வீட்டிலிருந்து கல்கத்தாவிலுள்ள கணவனிடம் போவதற்காகப் பஸ் ஏறுகிறாள். ராஜா சவுத்ரி என்ற போட்டோக்காரர், காட்டு மிருகங்களைப் படம் பிடிப்பவர், அதே பஸ்ஸில் போகிறார். வழியில் பெண்ணுக்கும் குழந்தைக்கும் உதவியாயிருக்கும்படி அவரைக் கேட்டுக்கொள்ளுகிறார்கள். அவரும் குழந்தையைத் தூக்குகிறார், பால் கொடுக்க உதவுகிறார், தமது பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுக்கிறார். நடுவழியில் இந்து - முஸ்லிம் கலகம். பஸ் நின்றுவிடுகிறது. ஊரடங்குச் சட்டம் போட்டாகிவிட்டது. அப்போதுதான் அவர் தமது பெயர் ஜஹாங்கீர் சவுத்ரி என்றும், தாம் ஒரு முஸ்லிம் என்றும் சொல்லுகிறார். கேட்டவுடன் அந்த அம்மாளுக்கு வந்த திகில் எதைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? வெளியே வெட்டிக்கொண்டு சாகிறார்களே என்பதைப் பற்றியா? இல்லை. இவர் பாட்டிலில் தண்ணீர் குடித்துவிட்டோமே என்பதைப் பற்றி!

இதைப் பார்த்துக் கொட்டகையில் சிரித்தவர்களும் உண்டு. ஆனால் இது சிரித்துத் தள்ளும் சங்கதியல்ல. இந்த நாட்டு ரயில்வே ஸ்டேஷன்களில் "இந்துத் தண்ணீர்", "முஸ்லிம் தண்ணீர்" என்று தனித்தனியே வைத்து, தனித்தனி ஆள் போட்டு ஊற்றின காலம் ஒன்று இருந்தது. தென்னாட்டிலோ, ரயில்வே சாப்பாட்டு விடுதியில் பார்ப்பனருக்கு ஓர் இடம், "இதராளுக்கு" ஓர் இடம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். ஒரே எஞ்சின் இழுக்கிற வண்டியில், ஒரே கட்டணம் கொடுத்து வந்தவன், இறங்கிச் சாப்பிடப் போனால் வேறு வேறு! சுயமரியாதைக்காரரும் ஜஸ்டிஸ் கட்சியாரும் ஓயாமல் கூப்பாடு போட்ட பிறகு, 1941இல்தான் அந்தப் பலகை இறங்கிற்று. ரசாயன சாஸ்திரத்தில் தண்ணீருக்கு ஹைட்ரஜன் இரண்டு பங்கு, ஆக்சிஜன் ஒரு பங்கு என்று எழுதியிருக்கிறதேயொழிய, மதம் கால் பங்கு, ஜாதி அரைக்கால் பங்கு என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனால் ஸ்டேஷனில் இறக்கின பலகையை நம்மவர்கள் எடுத்துக்கொண்டு போய்த் தங்கள் தங்கள் நெஞ்சுக்குள் மாட்டிக்கொண்டார்கள். கொங்கு நாட்டு டீக்கடைகளில் இரட்டைக் குவளையை எடுக்க எத்தனை போராட்டம் நடத்த வேண்டியிருந்தது என்பது இப்பக்கத்தாருக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நிற்க. கலகக்காரர்கள் பஸ்ஸில் ஏறுகிறார்கள். யார் இந்து, யார் முஸ்லிம் என்று விசாரணை. ஆண்களின் உடலைச் சோதித்தும் பார்க்கிறார்கள். பஸ்ஸிலிருந்த யூத மதத்தார் ஒருவர், தாமும் சுன்னத்து செய்தவராகையால் தம்மை முஸ்லிம் என்று எண்ணிவிடுவார்களே என்று நடுங்கி, ஓரத்தில் உட்கார்ந்திருந்த முஸ்லிம் கிழவரையும் அவர் மனைவியையும் காட்டிக்கொடுக்கிறார். கிழவரை இழுத்துக்கொண்டு போகிறார்கள். கிழவியும் பின்னாலேயே போகிறார். அடுத்தாற்போல் போட்டோக்காரரின் முறை. அந்த க்ஷணத்தில் மீனாட்சி தன் குழந்தையை அவர் மடியில் போட்டு, நாங்கள் புருஷன் பெண்சாதி, மிஸ்டர் அண்ட் மிஸஸ் ஐயர் என்று சொல்லிவிடுகிறாள். கலகக்காரர்கள் நகர்ந்து போகிறார்கள். தண்ணீர் பட்டதற்கே பதறின பெண், ஓர் உயிரைக் காக்கத் தன் "மானத்தை"யே எடுத்துக் கொடுத்தாள் என்பது மெச்சத்தக்க காரியந்தான். நாமும் மெச்சுகிறோம்.

ஆனால் தோழர்களே, அந்த மனிதரைக் காத்தது எது என்று சற்று யோசித்துப் பாருங்கள். அவள் கருணையா? கருணை அவள் நெஞ்சில் இருந்தது. கலகக்காரன் காதில் விழுந்தது "ஐயர்" என்ற பட்டம்! அந்தப் பட்டத்தைக் கேட்டபின் அவனுக்குச் சோதிக்கவும் தோன்றவில்லை. அவள் வேறொரு ஜாதிப் பெயரைச் சொல்லியிருந்தால், அதாவது இந்த நாட்டில் கேட்டவுடன் முகத்தைச் சுளிக்கிற பெயர் ஒன்றைச் சொல்லியிருந்தால், அந்த மரியாதை கிடைத்திருக்குமா? ஒரு முஸ்லிமின் உயிரை இந்து மதத்தின் அன்பு காக்கவில்லை. வருணாசிரமத்தின் உச்சாணிக் கொம்பு காத்தது. இதை அந்த அம்மையார் படத்தின் தலைப்பாகவே எழுதி வைத்திருக்கிறார். சர்க்காரோ இதற்குத் தேசீய ஒருமைப்பாட்டுக்கான நர்கீஸ் தத் பரிசைக் கொடுத்துக் கௌரவித்தது. டைரக்டருக்கும் நடிகைக்கும்கூடத் தேசீயப் பரிசு கிடைத்தது. அவை தகும். ஆனால் ஒருமைப்பாடு எங்கே இருக்கிறது? ஒருவன் தன் பெயரை மறைத்து மேல்ஜாதிப் பட்டத்துக்குள் புகுந்துகொண்டால்தான் உயிர் பிழைக்கலாம் என்றால், அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 1929இலேயே செங்கற்பட்டு சுயமரியாதை மகாநாட்டில் ஜாதிப் பட்டத்தை விட்டொழிக்கும்படி தீர்மானம் செய்தாகிவிட்டது. அதன் பிறகு முதலியார், பிள்ளை, செட்டியார், கவுண்டர் என்பவைகள் பெயருக்குப் பின்னாலிருந்து மெல்ல மெல்ல உதிர்ந்தன. வடநாட்டான் இன்றைக்கும் இதைக் கண்டு ஆச்சரியப்படுகிறான். ஆனால் உதிர்ந்தது எங்கே போய்ச் சேர்ந்தது? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் மணிக்கட்டில் கலர் கலரான கயிறாய்ச் சேர்ந்தது! அதைத் தடுக்க வேண்டுமென்று ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்கள் 2024இல் சர்க்காருக்கு அறிக்கை எழுத வேண்டி வந்தது. பெயரிலிருந்து இறங்கி மணிக்கட்டுக்கு வர ஜாதிக்கு 90 வருஷம் ஆயிற்று என்பதைத் தவிர வேறென்ன லாபம் கண்டோம்?

இது இப்படி இருக்க, இப்படத்தைப் பார்த்தவர்கள் கொண்டாடுவது என்ன? காட்டு பங்களாவில் இருவரும் தங்குவதும், குழந்தைக்கு விளையாட்டுக் காட்டுவதும், கடைசியில் கல்கத்தா ஸ்டேஷனில் கணவன் வந்து நிற்க, அவர் தாம் பிடித்த படச்சுருளை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போவதும்தான். "விதி சேர்க்கவில்லை", "பூர்வ ஜென்மத்துப் பந்தம்" என்று பேசுகிறார்கள். எந்த விதி? இருவரும் ஒரே பஸ்ஸில் டிக்கட்டு வாங்கினதால் சந்தித்தார்கள். ஆண்டவன் போட்ட முடிச்சு என்றால், பஸ்ஸை நிறுத்தின கலகத்தை மூட்டினவன் யார்? கிழவரை இழுத்துக்கொண்டு போனது எவன் போட்ட முடிச்சு? நல்லதற்கு விதியும், கெட்டதற்கு மனிதனும் என்று கணக்கு எழுதுகிற புத்தி நம் மக்களுக்கு எப்போதுதான் போகுமோ!

அயல்நாட்டாரும் இம்மாதிரிப் படங்கள் எடுத்திருக்கிறார்கள். 1945இல் டேவிட் லீன் என்பவர் இங்கிலாந்தில் "பிரீஃப் என்கவுன்ட்டர்" என்று ஒரு படம் எடுத்தார். ரயில்வே ஸ்டேஷன் சிற்றுண்டிச் சாலையில் ஒரு பெண்ணின் கண்ணில் தூசி விழுகிறது. அங்கிருந்த டாக்டர் அதை எடுத்துவிடுகிறார். அதிலிருந்து அன்பு வளர்கிறது. இருவருக்கும் ஏற்கனவே குடும்பம் உண்டு. தாங்களே யோசித்து, தாங்களே வருந்தி, தாங்களே பிரிகிறார்கள். நம் தென்னாட்டில் ரயில்வே விடுதியின் பலகை இறங்கி நாலு வருஷமே ஆகியிருந்த காலம் அது. அதற்கு முன் நம் ஊர் விடுதியானால், தூசி எடுக்கிற கை எந்தப் பக்கத்துக் கை என்றல்லவா முதலில் பார்த்திருப்பார்கள்! 1995இல் அமெரிக்காவின் லிங்க்லேட்டர் எடுத்த "பிஃபோர் சன்ரைஸ்" படத்தில் அமெரிக்க வாலிபனும் பிரெஞ்சுப் பெண்ணும் ரயிலில் சந்தித்து, வியன்னாவில் இறங்கி, ஓர் இரவு ஊர் சுற்றிவிட்டுப் பிரிகிறார்கள். பிறகு 2004இல் வந்த படத்தில் மறுபடி சந்தித்தார்கள். 2013இல் மூன்றாவது படத்தில் பிள்ளைகளோடு குடித்தனம் நடத்திச் சண்டையும் போட்டுக்கொண்டிருந்தார்கள்! இங்கிலீஷ்காரனிடம் வர்க்க பேதம் இல்லையென்று நாம் சொல்ல வரவில்லை, நிறைய உண்டு. ஆனால் மேற்படி இருவரில் எவருடைய மாமன் மகனும் அரிவாளோடு ஸ்டேஷன் வாசலில் நின்றதாகக் கதையிலும் இல்லை, அங்குள்ள பார்வையாளர் அப்படி எதிர்பார்த்து நடுங்கவும் இல்லை. அவர்கள் பிரிந்தால் அது அவர்களுடைய பிரிவு. நம் நாட்டில் அப்படியல்ல.

இனி அருள்புரத்துக்கு வருவோம். திருப்பூரிலிருந்து பல்லடம் போகும் ரோட்டில் காலை எட்டு மணிக்கு முன் நின்று பாருங்கள். முன்பின் அறியாதவர்கள் சந்திப்பதைப் பார்க்க சினிமாக் கொட்டகைக்குப் போக வேண்டியதேயில்லை. தஞ்சாவூரான், தேனியான், தர்மபுரியான், பீகாரி, ஒரியாக்காரன், வங்காளி எல்லோரும் ஒரே பஸ்ஸிலும் ஒரே கம்பெனி வேனிலும் வந்து இறங்குகிறார்கள். ஒருவன் கட்டிங், ஒருத்தி ஓவர்லாக், இன்னொருத்தி செக்கிங், சின்னப் பிள்ளை போலிருப்பவள் கைமடி. ஒன்றரை ஷிப்ட் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குப் போய்த்தான் ஒரு பனியன் முழுசாகிறது. சாயப்பட்டறைக் கழிவையெல்லாம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஒன்றாய் விட்டுத்தான் சுத்தம் செய்கிறார்கள். முடிந்த சரக்கை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மாட்டிக்கொள்ளுகிறவன், இதில் கை வைத்தவள் என்ன ஜாதி என்று கேட்டுவிட்டா மாட்டிக்கொள்ளுகிறான்? இவ்வளவு பேர் இப்படிக் கலந்து வேலை செய்யுமிடத்தில் அன்பு உண்டாவது அதிசயமல்ல. உண்டாகாமல் போனால்தான் டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

அப்படி அன்பு கொண்டவர்கள் பிரியாமல் சேர்ந்தால் என்ன நடக்கிறது? தஞ்சாவூர் மாவட்டத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்களான ஒரு 19 வயதுப் பெண்ணும் ஓர் ஆதிதிராவிட வாலிபரும் இந்தத் திருப்பூர்ப் பக்கத்தில் பனியன் கம்பெனி வேலைக்கு வந்தார்கள். 2023 டிசம்பர் 31இல் கலியாணம் செய்துகொண்டார்கள். 2024 ஜனவரி 2இல் பல்லடம் போலீசார் அப்பெண்ணைத் தகப்பனாரோடு அனுப்பிவிட்டார்கள். அடுத்த நாள் அவள் உயிரோடு இல்லை. உடலும் அவசர அவசரமாய் எரிக்கப்பட்டது. கொலைக் குற்றத்துக்காகப் பெற்றோர் கைதானார்கள். பல்லடம் இன்ஸ்பெக்டர் சஸ்பெண்டு செய்யப்பட்டார். அந்த அம்மையார் படத்தில் மீனாட்சியும் ஜஹாங்கீரும் கூட இருந்ததும் ஏறக்குறைய இதே இரண்டு மூன்று நாள்தான். அந்த இரண்டு நாளைக்குக் கண்ணீர் விட்ட ரசிகர்களைக் கேட்கிறோம்: இந்த மூன்று நாளைப் பற்றி நீங்கள் ஒரு பெருமூச்சாவது விட்டீர்களா? படத்தில் ஒரு போலீஸ் அதிகாரி, வழியில் தவிக்கிறவர்களுக்குக் காட்டு பங்களாவில் இடம் பிடித்துக் கொடுக்கிறார். பஸ்ஸிலே கிழவரைக் காட்டிக்கொடுத்தவர் தம் உயிருக்குப் பயந்து காட்டிக்கொடுத்தார். பல்லடத்தில் பெண்ணைக் கையில் பிடித்துக் கொடுத்தவர்களுக்கு யாரிடத்தில் பயம்?

இதற்கு முன் 2016 மார்ச் 13இல் இதே மாவட்டத்து உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டு அருகில், பட்டப்பகலில், ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்க, கலியாணமாகி எட்டு மாதமான ஓர் ஆதிதிராவிட இன்ஜினீயரிங் மாணவரை வெட்டிக் கொன்றார்கள். மனைவிக்கும் வெட்டு. திருப்பூர் கோர்ட்டு 2017 டிசம்பரில் ஆறு பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. சென்னை ஹைக்கோர்ட்டு 2020 ஜூனில் பெண்ணின் தகப்பனாரை விடுதலை செய்து, மற்ற ஐவரின் தூக்கை ஆயுள் தண்டனையாக்கிற்று. பிழைத்து எழுந்த அந்தப் பெண் தன் சொந்தக் குடும்பத்துக்கு எதிராகக் கோர்ட்டில் நின்று சாட்சி சொன்னாள். அந்தத் துணிச்சலில் பத்தில் ஒரு பங்குகூட நம் கவிஞர்களின் காதலிகளிடத்தில் நாம் கண்டதில்லை.

இந்த இடத்தில் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மேற்சொன்ன அரிவாள்களில் ஒன்றையாவது பார்ப்பனன் தூக்கினானா? இல்லை. "நாங்கள் பார்ப்பனரல்லாதார், எங்களுக்கும் சுயமரியாதை வேண்டும்" என்று சொல்லிக்கொண்டு முன்னுக்கு வந்த கூட்டத்தார்தான் தூக்கினார்கள். ஏணியில் மேலே நிற்கிறவனை இறங்கு என்று சொல்லும்போது பகுத்தறிவும், கீழே நிற்கிறவன் ஏறி வரும்போது குலப்பெருமையும் பேசுகிறவனைவிட, பஞ்சாங்கத்தைக் கட்டி அழுகிற வைதீகன் யோக்கியன் என்றே சொல்லுவோம். நம் கூட்டங்களுக்கு வந்து கைதட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பெண்ணின் கைபேசியைப் பிடுங்கி வைக்கிற தோழர்கள் இதைப் படித்துக் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

"இதெல்லாம் நாடகக் காதல்" என்கிறார்கள் சிலர். 2012 நவம்பரில் தர்மபுரியில் ஒரு கலியாணத்தைச் சாக்கிட்டு 200க்கு மேற்பட்ட ஆதிதிராவிடர் வீடுகளைக் கொளுத்தினார்களே, அதையொட்டி ஒரு ஜாதிக் கட்சித் தலைவர், அந்த வாலிபர்கள் ஜீன்ஸும் டீ ஷர்ட்டும் கூலிங் கிளாசும் போட்டுக்கொண்டு மற்ற ஜாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பிரசங்கம் செய்தார். டீ ஷர்ட்டு எங்கே தைக்கிறார்கள்? இந்த அருள்புரத்தில்தான்! தைக்கிறவன் போட்டால் நாடகம், வாங்குகிறவன் போட்டால் நாகரிகமா? ஒரு பெண் 18 வயதாகி ஓட்டுப் போட்டு மந்திரியைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் தன் புருஷனைத் தேர்ந்தெடுக்க அவளுக்குப் புத்தி போதாது என்பது என்ன நியாயம்?

இன்னும் சிலர், "மீனாட்சி கலியாணமானவள், குழந்தைக்காரி, அவள் கணவனை விட்டுவிட்டு ஓட வேண்டுமென்கிறீர்களா?" என்று நம்மை மடக்கப் பார்ப்பார்கள். ஓடவும் சொல்லவில்லை, நிற்கவும் சொல்லவில்லை. அது அவள் பாடு. ஆனால் அவள் கலியாணமாகாதவளாயிருந்து, ஜஹாங்கீரும் சம்மதித்து, இருவரும் சட்டப்படி மணக்க விரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாம் திருப்பிக் கேட்கிறோம். இரண்டு இந்துக்கள் மணப்பதானால் தமிழ்நாட்டில் 1967இல் செய்த திருத்தம் இருக்கிறது. புரோகிதன் வேண்டாம், நெருப்பு வேண்டாம். உறவினரோ நண்பரோ எதிரில் மாலை மாற்றினால் போதும். அதற்கு ஊரைக் கூட்டி அறிவிக்கவும் வேண்டியதில்லை என்று சுப்ரீம் கோர்ட்டு 2023 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. ஆனால் மதம் வேறானால் 1954ஆம் வருஷத்து ஸ்பெஷல் மேரேஜ் சட்டத்துக்குத்தான் போக வேண்டும். அந்தச் சட்டப்படி, மணக்கப் போகிறவர்கள் இன்னார், இன்ன விலாசம் என்று எழுதிக் கொடுத்து, அதைச் சார்பதிவாளர் ஆபீசில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டி, 30 நாள் காத்திருக்க வேண்டும். அதாவது, துரத்தி வருகிறவனுக்கு சர்க்காரே விலாசம் எழுதி வைத்துவிட்டு, ஒரு மாதம் தவணையும் கொடுக்கிறது!

சுப்ரீம் கோர்ட்டு 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில், இம்மாதிரி தம்பதிகளைக் காக்க ஜில்லா தோறும் தனிப் பிரிவு வைக்க வேண்டும், தங்க இடம் கொடுக்க வேண்டும், அலட்சியம் செய்யும் உத்தியோகஸ்தர்மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. அதற்கு ஆறு வருஷத்துக்குப் பின்தான் பல்லடத்துக் காரியம் நடந்தது. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் ஐ.டி. உத்தியோகத்திலிருந்த ஓர் ஆதிதிராவிட வாலிபர் வெட்டப்பட்ட பிறகு, இதற்கென்றே தனிச் சட்டம் செய்ய யோசனை சொல்லும்படி ஓய்வுபெற்ற நீதிபதி பாட்சா தலைமையில் கமிஷன் ஒன்றைத் தமிழ்நாட்டு சர்க்கார் அவ்வருஷம் அக்டோபரில் அறிவித்தது. நல்லதுதான். ஆனால் கமிஷன் எழுதினாலும் சரி, சட்டசபை எழுதினாலும் சரி, கொன்ற பிறகு கொடுக்கிற தண்டனையை மாத்திரம் கூட்டிவிட்டால் போதாது. பெண்ணின் வயதுச் சான்றைப் பார்த்து, அவள் வாய்மொழியைத் தனியே கேட்டு எழுதாமல், எந்தத் தகப்பனோடும் அண்ணனோடும் அவளை அனுப்பிய போலீஸ்காரன் வேலை இழப்பான் என்று அதில் ஒரு வரி இருக்க வேண்டும். சார்பதிவாளர் ஆபீசு சுவரிலிருக்கும் அந்த 30 நாள் பலகையையும் கழற்ற வேண்டும். அது டில்லிச் சட்டமாயிற்றே என்று சாக்குச் சொல்ல இடமில்லை. இந்து விவாகச் சட்டமும் டில்லிச் சட்டந்தான். 1967இல் அதைத் திருத்த நமக்குக் கை இருந்தது.